உச்சிப்புளி வேலாயுதமும் மூன்றாவது பெயரும்

கருப்பையா என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வெயில் சுள்ளென்று ஏறிவிட்ட நேரத்தில் பல் துலக்குகிறவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதை என் மனைவி முன்பே நினைத்து, வாய்விட்டுச் சொல்லியும் முடித்திருந்தாள். முந்தின இரவு எனக்கு ரயில்வே ஸ்டேஷனில் வேலை. அதையும் சொல்லிவிட்டால்தான் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

"அய்யா தவறிட்டாக" என்றார் கருப்பையா. "நேத்துப் பொழுது சாயயில. உங்களுக்குச் சொல்லிட்டு வரச் சொன்னாக."

வாய் நிறைய நுரையோடு இழவு கேட்டவன் இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வேலாயுதம் போய்விட்டார் என்பது ஓர் அடி. அதைச் சொல்ல வந்து நிற்பவர் கருப்பையா என்பது அதைவிடப் பெரிய அடி.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வேலாயுதத்தின் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். அங்கே ஒருவர் இறந்தால் உடம்பைக் குளிப்பாட்ட ஊருணியிலிருந்து குடம் எடுத்து வருவது பங்காளிகளின் வேலை. நீர்மாலை என்பார்கள். ஒரே பூட்டன் வழியில் வந்த ஆண்கள் மட்டுமே அந்தக் குடத்தைத் தொடலாம். கேதம் சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல, வெளியூர் போவது அவர்கள் வேலையில்லை. அது வீட்டில் ஏவல் பார்க்கிறவரின் வேலை. ஒரே ஆள் இரண்டையும் செய்வது கிடையாது. தன் உடம்புக்குக் கருப்பையா குடம் எடுக்க வேண்டும் என்பதுதான் வேலாயுதம் கடைசிக் காலத்தில் பிடித்த பிடிவாதம். அந்தக் கருப்பையா இரண்டு பஸ் மாறி வந்து, என் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

நம் லைனில் வேலை பார்த்தவர்களுக்கு வேலாயுதத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே அவரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர் உண்டென்றால், அவர் அன்றைக்கு லீவில் இருந்திருப்பார். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உச்சிப்புளியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்குக் கீழே டிக்கெட் கிழித்த குமாஸ்தா. வண்டி வராத நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை என்ற பெயரில் எதையாவது எழுதி அனுப்புகிறவன். என் எழுத்தைப் படித்து அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "படிச்சேன்யா. எங்கன சிரிக்கணும்னு அடியில கோடு போட்டுக் குடுத்துருந்தா வசதியா இருந்துருக்கும்" என்பார்.

ஒருமுறை பாம்பனிலிருந்து ஒரு கூடைக் கருவாடு பார்சலில் வந்து இறங்கியது. சீட்டு எங்கோ கிழிந்து விழுந்துவிட்டது. யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. கூடையை நான் வீட்டுக்குக் கொண்டு போய் அநாத ரட்சணம் செய்வதாகச் சொன்னேன். மனுஷர் அசையவில்லை. "பேரில்லாம வந்தத எவனுக்கும் குடுக்க முடியாது. தப்பான ஆளு தின்னுட்டா, சரியான ஆளு வந்து நிக்கையில நான் எதக் குடுப்பேன்?" என்றார். கூடை ஆபீசிலேயே இருந்தது. டிக்கெட் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெயரைச் சொன்னதால், மதுரைக்குப் போக வேண்டியவர்களுக்கும் மானாமதுரைக்குக் கொடுத்தேன். கடைசிவரை உரியவர் வரவில்லை. ஆபீசுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். நான் ஒரு ஒப்பாரி கட்டிப் பாடினேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கருவாட்டை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது ராமேஸ்வரம் கடற்கரையில் தெரிந்தது.

தகப்பனார் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு அமாவாசைத் தர்ப்பணம் கிடையாது. வேலாயுதத்தின் தகப்பனார் சுப்பையா, மகனுக்கே தலை நரைத்த பிறகு, நல்ல பழமாகத்தான் போனார். அதற்கடுத்த தை அமாவாசைக்கு இருவரும் ஒரே வண்டியில் ராமேஸ்வரம் போனோம். எனக்கு இதில் பழைய அனுபவம். என் அப்பா என்னைச் சிறு வயதிலேயே சீனியர் ஆக்கிவிட்டுப் போனவர்.

அக்கினி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் காத்து நின்றது. புரோகிதர் அவசரத்தில் இருந்தார்.

"தகப்பனார் பேரு?"

"சுப்பையா."

"பாட்டனார்?"

"வேலாயுதம். அவரு பேருதான் எனக்கு."

"அவருக்குத் தகப்பனார்?"

வேலாயுதம் குனிந்து தன் கையைப் பார்த்தார். கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தன. விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தன.

"தெரியலேன்னா பாதகமில்லே. ஏதாவது சாமி பேரைச் சொல்லுங்கோ. பகவான் கொண்டு போய்ச் சேர்த்துடுவார்" என்றார் புரோகிதர்.

"நான் வருஷா வருஷம் ராமசாமின்னு சொல்றேன் சார்" என்று நான் குனிந்து உதவி செய்தேன். "எந்தத் தெருவுலயும் ஒரு ராமசாமி இருந்திருப்பாரு. இதுவரைக்கும் யாரும் திருப்பி அனுப்பலை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைத் தாமதமாக வந்த கூட்ஸ் வண்டி டிரைவர்கள் அறிவார்கள். "கருவாட்டுக் கூடைய எவனுக்கோ குடுத்துட்டு வந்துட்டீரு" என்றார். கையிலிருந்த மிச்ச எள்ளைக் கடலில் விடாமல் வேட்டி முனையில் முடிந்துகொண்டார். தட்சிணையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். திரும்பும் வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டியது. பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "முப்பது வருசத்து வண்டி நம்பரெல்லாம் மனப்பாடமா இருக்குய்யா. பூட்டன் பேரு இல்ல" என்றார்.

அந்த மாதத்திலிருந்து லீவு கிடைத்த நாளெல்லாம் ஊருக்குப் போக ஆரம்பித்தார். அபிராமத்துச் சந்தைக் கோழி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நானும் சில தடவை துணைக்குப் போனேன்.

அவர்கள் இருந்தது மேலத்தெரு. மேற்குக் கோடியில் முதல் வீடு வேலாயுதத்துடையது. அண்ணன் தம்பி பிரியும்போது, பிரிகிறவன் கிழக்கே ஒட்டி வீடு கட்டிக்கொள்வான், நடுச்சுவர் பொது. இப்படியே தெரு கிழக்கே நீண்டிருக்கிறது. வேலாயுதம் குடையை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக நுழைந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பொதுச்சுவரில் வாசல் நிலை இன்னும் திறந்திருந்தால் சமாதானமாகப் பிரிந்தவர்கள். நிலையைச் செங்கல் வைத்து அடைத்திருந்தால் அடிதடியில் பிரிந்தவர்கள். ஒரு வீட்டில் பாதிதான் அடைத்திருந்தது. "இவுக பொண்டாட்டிக மட்டும் பேசிக்கிட்டாக போல" என்று எனக்கு விளக்கினார். அதுவரை அவர் சொன்னவற்றில் நான் கேட்ட ஒரே வேடிக்கை அதுதான். அதையும் அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

வீட்டு வரிசை முடிந்த இடத்தில் இன்னொரு வீடு கட்டுமளவுக்கு வெறும் மண். யாரும் அதில் மாடுகூடக் கட்டுவதில்லை. அதைத் தாண்டி, கூரை வீடு ஒன்று. அதன் வாசல் தெருவைப் பார்க்காமல் வயலைப் பார்த்திருந்தது. அது கருப்பையாவின் வீடு. தலைமுறை தலைமுறையாக மேலத்தெருக்காரர்களின் வயலில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுக் கேதத்தை ஊர் ஊராகச் சொல்கிறவர்கள். உச்சிப்புளிக்கு வேலாயுதத்தின் வீட்டு அரிசியையும் மிளகாயையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கொடுத்துப் போனவர் என்பதால் எனக்கும் அவரைத் தெரியும்.

சுவர்களைவிடப் பெயர்கள்தான் வேலாயுதத்தைத் தூங்கவிடாமல் செய்தன. அந்தத் தெருவில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். ஒன்று விட்டு ஒன்று அதே பெயர் திரும்ப வரும். அந்தக் கணக்குப்படி, அவர் தகப்பனாருக்குப் பூட்டனின் பெயர்தான் இருக்க வேண்டும். ஆனால் சுப்பையா என்ற பெயர் தாய்வழியில் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் வைக்க வேண்டிய பெயரை ஏன் வைக்கவில்லை? யாரைக் கேட்டாலும் மழையைப் பற்றிப் பேசினார்கள். "ஒரு வண்டி கிளம்பியிருக்கு, வந்து சேரலை. நடுவுல எங்கனயோ கவுந்து கெடக்கு" என்றார் என்னிடம்.

கவிழ்ந்த இடத்தைக் காட்டியவர் அவருடைய சின்னய்யா, அதாவது தகப்பனாரின் தம்பி. இரண்டாவது வீட்டில் கட்டிலோடு கிடந்தார். அந்த வீட்டை நடத்தி வந்தவர் அவர் மகன் ராமு. வேலாயுதத்துக்குத் தம்பி முறை. தெருவுக்கே பெரிய ஆள். கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் அவர் வயலைத் தாண்டித்தான் மற்ற வயல்களுக்குப் போகும் என்றால் அவர் பெருமை உங்களுக்குப் புரியும்.

"அண்ணே, செத்த ஆளுகளப் போயி எழுப்பிக்கிட்டுத் திரியிறீக. பேசாம ரயில ஓட்டுங்க" என்றார் ராமு.

"நான் ரயில ஓட்டலைடா. நிப்பாட்டுறவன்" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கூடத்திலேயே இலை போட்டார்கள். அதனால் கிழவர் சொன்னதை நான் கேட்டது கோழிக் குழம்பும் கையுமாக.

தாது வருஷப் பஞ்சம். ஊர் பாதி செத்துவிட்டது. மீதிப் பாதி, வெள்ளைக்காரன் வைத்த கஞ்சித் தொட்டியில் வரிசை நின்றது. முதல் வீட்டுக் குதிரில் மட்டும் நெல் இருந்தது. ஆனால் குதிரின் சாவி அப்போதே, வீட்டுப் பெரியவரான பூட்டனிடமிருந்து அவருடைய மூத்த மகனிடம் போயிருந்தது. அந்த மூத்த மகன்தான் வேலாயுதத்தின் பாட்டன், பெரிய வேலாயுதம். இளைய மகனின் பிள்ளை பசியில் செத்தது. பூட்டன் இளைய மகனைக் கூட்டிக்கொண்டு கஞ்சித் தொட்டிக்குப் போய், எல்லாச் சாதியாரோடும் நின்று குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"தொட்டியில குடிச்சவன உள்ள விட்டா நாளைக்கு எவனும் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டான்னு சொல்லி எங்க அய்யா கதவச் சாத்திக் குறுக்குக் கட்டையப் போட்டுட்டாரு" என்றார் சின்னய்யா. "தாத்தன் வெளிய நின்னு தட்டுனாரு. நான் அப்பப் பொறக்கல. எங்க ஆத்தாதான் சொல்லிச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்துச்சாம். தட்டுற சத்தம் நின்ன பெறகுதான் உலை வச்சுச்சாம்."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அவரு பேரு என்ன சின்னய்யா?" என்றார் வேலாயுதம். வண்டி வரும் நேரம் கேட்கிற குரல்தான்.

"அத இந்தத் தெருவுல யாரும் வைக்கிறதில்லப்பா. வச்சா, கேக்க வேண்டியதெல்லாம் கேக்கணும்ல. கடைசி வீட்டுல வச்சுக்கிட்டாக. கருப்பையா அப்பன் பேரு என்ன?"

சோலை. கருப்பையாவின் அப்பா சோலை. அவருக்கு அப்பா, தள்ளி வைக்கப்பட்ட இளைய மகன், கருப்பையா. அவருக்கு அப்பா வாசலில் செத்தவர், சோலை. கூரை வீட்டில் பெயர் வண்டிகள் ஒன்று தவறாமல் வந்துகொண்டிருந்தன. இளைய மகன் தனி ஆளாகக் கிழவரைத் தூக்கிப் போய் அடக்கம் செய்தாராம். நீர்மாலை இல்லை, யாரும் குடம் எடுக்கவில்லை. வயிறு இருக்கிறதே, பிறகு அதே அண்ணன் வயலில் கூலிக்கு இறங்கினார். அன்றைக்கு இறங்கிய அந்தக் குடும்பம் இன்னும் கரையேறவில்லை.

வெளியே வந்ததும் வேலாயுதம் தன் வீட்டுக் கதவின் முன்னால் நின்றார். "எனக்கு யாரு பேருன்னு தெரியும்ல? கட்டையப் போட்டவன் பேரு" என்றார். அன்றே அந்தக் குறுக்குக் கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ் என்று ஒன்று இல்லை. ஓய்வு பெற்று ஊரோடு போன பிறகும் அப்படித்தான். ஒருநாள் ஆடு உள்ளே புகுந்து அவருடைய பழைய ரயில்வே அட்டவணையைத் தின்றுவிட்டது. "வடக்க போற வண்டியத் தின்னுருச்சு. தெக்க வார வண்டி மிச்சம் இருக்கு" என்று கடிதம் எழுதினார். இதில் எங்கே சிரிப்பது என்று நான் திருப்பிக் கேட்டு எழுதினேன்.

அடுத்த தை அமாவாசைக்கு அவர் கடலில் மூன்றாவது பெயரைச் சத்தமாகச் சொன்னார். சோலை. புரோகிதர் அதைத் திருப்பிச் சொல்லி எள்ளை விடச் சொன்னார். விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வழியாகக் காரியம் முடிந்தது, இனி காபி குடிக்கலாம் என்று நினைத்தேன்.

"அட்ரஸ் இப்பச் சரியா எழுதியாச்சுய்யா" என்றார் அவர். "ஆனா அவரு வாங்க மாட்டாரு."

"ஏன் சார்?"

"கதவச் சாத்துனவன் பேரன் கையால சோறு வாங்குவாரா? நீரா இருந்தா வாங்குவீரா?"

நான் எந்தக் கையாலும் வாங்கிச் சாப்பிடுகிறவன்.

அப்போதுதான் குடம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. ஒருவன் ஒரு கேதத்தில் நீர்மாலைக் குடம் எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அதற்குப் பிறகு அவனைப் பங்காளி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. உயிரோடு இருந்து தன்னால் செய்ய முடியாததைச் செத்துப்போய்ச் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அவன் தடுத்திருக்கலாம்.

கருப்பையாவிடம் அதைச் சொன்னபோது நானும் வரப்பில் நின்றிருந்தேன்.

"முதல்ல என்னைய அண்ணேன்னு கூப்பிடு" என்றார் வேலாயுதம்.

"வாய் வரலைங்கய்யா."

"பழகுனா வரும்."

"அய்யான்னு பழகுனதே எங்க பாட்டன் காலத்துலருந்து. அத மாத்தணும்னா அவருகிட்டருந்துதான் ஆரம்பிக்கணும்."

வேலாயுதம் தன் பங்கில் ஒரு வயலை அவர் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். "வயல நீங்க குடுப்பீக. தண்ணி ராமு அய்யா வயலத் தாண்டித்தான வரணும்" என்றார் கருப்பையா. குடத்தைப் பற்றிச் சொன்னபோது மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். "நீங்க போயிருவீக. நான் இந்தத் தெருவுலதான இருக்கணும்?"

இறந்தவரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். தன் பாட்டன் பாவத்தைக் கழுவுகிற வேகத்தில், தண்ணீர் யார் தலையில் விழும் என்று அவர் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. கோழிக் குழம்பு சாப்பிட்ட வீடு, எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கருப்பையாதான் இறங்கி வந்தார். "சரிங்கய்யா, எடுக்கேன். அதுக்காக நீங்க அவசரப்படாதீக" என்றார்.

வேலாயுதம் அதைத் தெரு நடுவில் நின்று எல்லோருக்கும் சொன்னார். மனைவி மீனாட்சி அம்மாளிடம் தனியாகச் சொல்லி வைத்தார். ராமு கொதித்துப் போனார். "இன்னைக்குக் குடம் எடுப்பான், நாளைக்கு நிலத்துல பங்கு கேப்பான்."

"கேட்டாக் குடுக்கணும்டா. அவன் பங்குதான்."

"அவன் குடம் எடுத்தா நாங்க ஒருத்தரும் எடுக்க மாட்டோம், பாத்துக்கங்க."

"ஒரு குடம் போதும்டா. நான் என்ன யானையா?"

இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் வழக்கம்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடைசியாகச் சந்தித்தது அப்போதுதான்.

இனி மார்கழி மாதத்து அந்தக் காலைக்கு வருகிறேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கருப்பையாவோடு ஓடினேன். ராமநாதபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது.

"யாரு அனுப்புனது உங்கள?"

"ராமு அய்யா. விடியயில வந்து, உச்சிப்புளி வீடு உனக்குத்தான் தெரியும், போயிட்டு வந்துரு, எடுக்க நேரமாகும்னாக."

"மாட்டேன்னு சொல்லலையா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு கேதம்னா கெளம்பிப் போயிப் பழகுன காலுங்க. அதுபாட்டுக்குக் கெளம்பிருச்சு. மனசு பின்னாலயே ஓடி வந்து, பார்த்திபனூர்ல பஸ்ஸு நின்னப்பதான் சேந்துச்சு."

"அங்கனயே இறங்கித் திரும்பியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லாமத் திரும்புனா போனவுக கோவிப்பாக" என்றார்.

வழி நெடுகக் கதிர் சாய்ந்து கிடந்தது. அறுப்புக்கு ஆள் தேடும் காலம். ராமுவிடம் மாட்டேன் என்று சொல்ல அந்த விடியற்காலையில் அவருக்கு என்னென்ன வேண்டியிருந்திருக்கும் என்று சன்னல் வழியே பார்த்தாலே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஈரம் இருந்தது. ஊருணிக் கரையிலிருந்து முதல் வீட்டு வாசல்வரை, குடங்களிலிருந்து தளும்பி விழுந்த தண்ணீர் புழுதியில் ஒரு கோடு போட்டிருந்தது. ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. கருப்பையா அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே மீனாட்சி அம்மாள் சுவரில் சாய்ந்து கிடந்தார். "அவுக சொல்லி வச்சத நான் சொன்னேன் தம்பி. கருப்பையா வரட்டும், அதுவரைக்கும் எடுக்காதீகன்னேன். அவனாத்தான் போனான்னு சொல்லிட்டாக. பொழுது எறங்குது, பொம்பளை பேச்சக் கேட்டா ஆகுமான்னாக." அவர் இதைச் சொல்லும்போதே வாசலில் செருப்புச் சத்தமும் பேச்சும் கேட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் வெளியே வந்தேன். பங்காளிகள் ஈரத் தலையோடு தெருவின் இந்த முனையில். எதிர் முனையில் கருப்பையா. எப்போது போனார், எப்போது முழுகினார் என்று தெரியவில்லை. இடுப்பில் ஈர வேட்டி. தோளில் ஒரு மண்குடம். நீர்மாலைக்காரர்கள் வரும்போது தலைக்கு மேலே நாலு பேர் வெள்ளை வேட்டி பிடித்து வருவார்கள். அவருக்கு மேலே வெயில்தான் இருந்தது. அந்த வெறும் மண்ணைத் தாண்டி, ஒவ்வொரு வீடாகக் கடந்து, தெரு நடுவே நடந்து வந்தார்.

"ஏலே, எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப யாருக்குடா தண்ணி?" என்றார் ராமு.

கருப்பையா நிற்கவில்லை. கட்டை இல்லாத அந்தக் கதவுக்கு முன்னால் வந்து, குடத்தை இறக்கி, வாசற்படியில் சாய்த்தார். கடைசிச் சொட்டுவரை மெதுவாக ஊற்றினார்.

"அண்ணனுக்கு நீங்க ஊத்திட்டீக. இது இங்கன கெடந்தவருக்கு" என்றார்.

தண்ணீர் படியிலிருந்து இறங்கி, மண்ணில் வழி தேடிக்கொண்டு ராமுவின் காலை நோக்கி வந்தது. ராமு காலைப் பின்னால் எடுத்தார். கருப்பையா வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். அண்ணன் என்ற சொல்லைக் கேட்க வேண்டியவர் எரிந்துகொண்டிருந்தார்.

இது நல்ல முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அறுப்புக்குக் கருப்பையாவை ஒருவரும் கூப்பிடவில்லை. வாசலில் ஊற்றிய தண்ணீர் நீர்மாலையில் சேர்த்தி இல்லை என்று தெருவில் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். இப்போது அவர் மாரியூர்க் கரையில் மீன் காயப் போடுகிற இடத்தில் கூலிக்கு நிற்கிறார் என்று மீனாட்சி அம்மாள் சொல்லியனுப்பினார். கூரை வீடு பூட்டிக் கிடக்கிறதாம். தெருவில் இப்போது இரண்டு காலி இடம்.

இந்தத் தை அமாவாசைக்கு நான் மட்டும் ராமேஸ்வரம் போனேன். புரோகிதருக்கு என் பெயர்ப்பட்டியல் மனப்பாடம். "ராமசாமி" என்று அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தப் பேரு வேண்டாம் சாமி" என்றேன்.

"வேற பேரு கெடச்சுதா?"

"கெடைக்கலை. தெரியாதுன்னே சொல்லுங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் பெயரைச் சொல்லாமல் நிறுத்தினார். அந்த இடைவெளியில் அலை ஒன்று வந்து போனது. நான் எள்ளை விடவில்லை. வேட்டி முனையில் முடிந்துகொண்டேன்.

வேலாயுதத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முடிச்சுத்தான். எங்கள் பூர்வீகத் தெரு சாயல்குடிப் பக்கம் இருக்கிறது. பஸ் போகிறது, லீவும் நிறைய இருக்கிறது. போய்க் கேட்டால் மூன்றாவது பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயர்க்காரர் பஞ்சத்தில் கதவுக்கு எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதும் அதோடு கிடைக்கும். சின்ன வயதில் அங்கே போனது அவ்வளவாக நினைவில்லை. எங்கள் பழைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை சாத்தி வைத்திருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.